வீட்டிலேயே இறுதிக்காலப் பராமரிப்பு: எதை முதலில் செய்வது, எதைத் தவிர்ப்பது

"இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொன்னதும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் செய்வது கட்டிலை வாடகைக்கு எடுப்பதும் ஆக்ஸிஜனுக்கு அலைவதும்தான். வலிக்கு மருந்து எங்கே கிடைக்கும், ராத்திரி மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவது என்ற இரண்டும் கடைசியில்தான் நினைவுக்கு வருகின்றன. வீட்டுப் பராமரிப்பு கைவிட்டுப் போவது ஏதோ ஒரு ராத்திரியில்தான். பதறிப்போய் 108-ஐக் கூப்பிடுகிறார்கள், ஐசியூவில் சேர்க்கிறார்கள். வீட்டில் இருக்க ஆசைப்பட்டவர் குழாய்களுக்கு நடுவில் போய்ச் சேருகிறார்.

வீடுகளுக்குப் போகும் நோய் ஆதரவு சிகிச்சைக் (குணமாகாத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை) குழுவில் வேலை செய்வதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். கீழே உள்ள வரிசை அந்த ஒரு ராத்திரியை மனதில் வைத்து எழுதியது. தமிழ்நாட்டு நடைமுறைப்படி எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

1. வீட்டில்தானா என்று முதலில் பேசி முடிவெடுங்கள்

நோயாளியிடம் கேட்காமலேயே அவருக்காக முடிவெடுப்பதுதான் நான் பார்க்கும் முதல் தவறு. "சொன்னால் தாங்க மாட்டார்" என்பார்கள். அவருக்குத் தெரிந்திருக்கும். வீட்டார் தாங்க மாட்டார்கள் என்று அவர் வாயைத் திறக்காமல் இருப்பார். "உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரே காட்டிக்கொடுப்பார்.

அடுத்து, குடும்பம் முழுவதையும் ஒரே நேரத்தில் உட்கார வையுங்கள். வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளை வீடியோ காலில் சேருங்கள். கூடவே இருந்து பார்ப்பவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். கடைசி வாரத்தில் விமானத்தில் வந்து இறங்கும் மகனோ மகளோ "ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை?" என்று கேட்டதும் எல்லாம் தலைகீழாகும். அவர்கள் மேல் குற்றமில்லை, பேச்சில் அவர்களைச் சேர்க்கவில்லை என்பதுதான் குறை.

கூட்டம் முடியும்போது, டாக்டரிடம் பேசி முடிவு சொல்லப்போகும் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். நான்கு பேர் நான்கு டாக்டருக்குப் போன் செய்தால் நான்கு விதமான மருந்து வரும்.

எல்லோருக்கும் வீடு சரிப்படாது. வயதான துணை ஒருவர் மட்டுமே வீட்டில் இருந்தாலோ, வலி இன்னும் கட்டுக்குள் வராமல் இருந்தாலோ, ஆதரவு சிகிச்சை வார்டிலோ ஹாஸ்பிஸிலோ (இறுதிக்கால நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் இடம்) சில நாள் வைத்து நிலைப்படுத்திவிட்டுக் கூட்டி வருவது நல்லது. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். சாவு நடந்த அன்று வாசலில் சண்டை போடுவதைவிட இப்போது தர்மசங்கடப்படுவது எவ்வளவோ மேல்.

2. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இனி குணப்படுத்தும் சிகிச்சை இல்லை, வேதனையைக் குறைக்கும் சிகிச்சை மட்டுமே என்று தெளிவாக எழுதிய ஒரு கடிதத்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். நடு ராத்திரியில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், பணியில் இருக்கும் இளம் டாக்டருக்கு நிலைமை புரிய வேறு வழியில்லை. பின்னால் இறப்புச் சான்று எழுதும் டாக்டருக்கும் இதுதான் ஆதாரம்.

மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். இனி என்னென்ன தொந்தரவுகள் வரலாம்? இப்போது சாப்பிடும் மாத்திரைகளில் எதையெல்லாம் நிறுத்தலாம்? ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது?

இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. கொழுப்பு மாத்திரை, வைட்டமின் எல்லாம் கைப்பிடி கைப்பிடியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சாப்பாடு குறைந்த பிறகும் பழைய அளவிலேயே இன்சுலின் போடுவது இன்னும் ஆபத்து. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், வீட்டார் அதைக் கடைசி நேரம் என்று நினைத்துவிடுவார்கள்.

மூன்றாவது கேள்விக்கு ஆஸ்பத்திரியில் பதில் கிடைக்காவிட்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள். பெயரைப் பதிவு செய்தால் போதும், கட்டணம் கிடையாது. ஆனால் அவர்கள் வருவது பகலில்தான். ராத்திரி அழைப்புக்கு ஒரு தொண்டு அமைப்பின் குழுவையோ, போனை எடுக்கச் சம்மதிக்கும் பக்கத்துத் தெரு டாக்டரையோ தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த டாக்டரை ஒருமுறை வீட்டுக்கு வரவழைத்து நோயாளியைப் பார்க்க வைத்துவிடுங்கள். பார்க்காத நோயாளிக்கு எந்த டாக்டரும் சான்று எழுத மாட்டார்.

சுயநினைவு தெளிவாக இருக்கும்போதே, வென்டிலேட்டர் வேண்டாம் போன்ற விருப்பங்களை நோயாளி எழுதிக் கையெழுத்திடலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும்.

3. வலி மருந்து: கட்டிலுக்கு முன்னால் இதுதான்

புற்றுநோய் வலி கடுமையாகும்போது சாதாரண வலி மாத்திரைகள் போதாது. வாய்வழி மார்ஃபின்தான் அடிப்படை மருந்து. இது எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வாங்கி வைத்துக் கொடுக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், புற்றுநோய் மருத்துவமனைகள், ஹாஸ்பிஸ்கள் ஆகியவற்றில் விசாரியுங்கள். வலி வந்த பிறகு தேடப் போனால் அன்று ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும். மாத்திரை தீர நான்கு நாள் இருக்கும்போதே அடுத்த தவணைக்குக் கிளம்புங்கள்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால்தான் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதித் தருகிறார்கள். "இப்போது வலி இல்லையே, எதற்கு?" என்று ஒரு வேளையைத் தள்ளிப்போடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. வலி இல்லாததற்குக் காரணமே முந்தைய மாத்திரை. தவறவிட்டால் வலி முழுதாகத் திரும்பி வரும், அதை மறுபடி அடக்க அதிக மருந்து தேவைப்படும். போனில் அலாரம் வைத்துவிடுங்கள். நடு ராத்திரி வேளையை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள். படுக்கும்போது கொடுக்கும் அளவைக் கூட்டி ராத்திரி எழுப்பாமல் விடச் சொல்வார்.

இரண்டு வேளைக்கு நடுவில் வலி குத்தினால் கொடுப்பதற்குக் கூடுதல் மாத்திரை ஒன்று எழுதித் தருவார்கள். அதை எத்தனை முறை கொடுத்தீர்கள் என்று நோட்டில் குறியுங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் டாக்டர் அளவை மாற்றுவார். குளிப்பாட்டும்போது வலிக்கும் என்றால் அரை மணி நேரம் முன்பே கொடுக்கலாமா என்றும் கேட்டு வையுங்கள்.

பயம் எல்லோருக்கும் உண்டு. அடிமையாகிவிடுவார், சீக்கிரம் உயிர் போய்விடும் என்பார்கள். வலிக்கேற்ப அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுக்கும் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். குறையாமல் தூக்கம் கூடிக்கொண்டே போனாலோ, கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ உடனே தெரிவியுங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மருந்து உடம்பில் தங்கிவிடும். உங்கள் இஷ்டத்துக்குத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மார்ஃபின் கொடுக்கும் காலம் முழுக்க மலச்சிக்கல் இருக்கும். இது மட்டும் பழகிப் போகாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்து ஆரம்பியுங்கள். வாழைப்பழம், கொய்யா எல்லாம் இதற்கு ஈடுகொடுக்காது. நான்கைந்து நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் பேதி என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர் மட்டும் வெளியே வருகிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். செவிலியர் பார்த்து எடுத்துவிட வேண்டும்.

மார்ஃபினைப் பூட்டி வையுங்கள். வந்துபோகும் கூட்டத்தில் குழந்தைகளும் இருப்பார்கள்.

4. அறையும் கட்டிலும்

உள்ளறையில் ஒதுக்கிப் போடாதீர்கள். ஹாலில் ஜன்னல் பக்கம், கழிவறைக்கு அருகில் போட்டால் அவரும் வீட்டு நடமாட்டத்தில் இருப்பார், நீங்களும் ஓடி ஓடிக் களைக்க மாட்டீர்கள். கட்டிலைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விடுங்கள். ஒரே பக்கமிருந்து தூக்கினால் உங்கள் முதுகு போய்விடும்.

தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், ஏர் பெட், தள்ளுநாற்காலி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். மாதக் கணக்கில்தான் எடுக்க வேண்டும், சொந்தமாக வாங்காதீர்கள். ஏர் பெட் மோட்டார் மின்சாரத்தில் ஓடுவது. மின்வெட்டில் காற்று இறங்கிவிடாமல் இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள். இடுப்புக்குக் கீழே பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துக் குறுக்கே விரித்துவிட்டால், இரண்டு பேர் இரு முனையைப் பிடித்து அவரைத் தூக்கி மேலே நகர்த்தலாம். அக்குளில் கை கொடுத்து இழுப்பதால்தான் முதுகுத் தோல் உரிகிறது.

ஆக்ஸிஜன் எல்லோருக்கும் தேவைப்படாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தவர்களுக்குத்தான் அது உதவும். மற்றபடி முகத்துக்கு நேராக வைத்த ஒரு மேஜை விசிறியே மூச்சுத்திணறலைக் கணிசமாகக் குறைக்கும். ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவியையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள்.

5. தினசரி வேலைகள்

திருப்பிப் படுக்க வைத்தல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம், மல்லாக்க. முழுதாக ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துக் கொஞ்சம் சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. உள்ளே திசு கிழியும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் வேண்டாம், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கடைசி நாட்களில் திருப்புவதே வேதனையாக இருந்தால் இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம். அப்போது புண் வராமல் தடுப்பதைவிட நிம்மதிதான் பெரிது.

புண்ணில் நாற்றம். நோயாளியை எல்லோரும் ஒதுக்குவதற்கும், அவரே குறுகிப்போவதற்கும் பெரிய காரணம் இது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் சில நாளில் நாற்றம் அடங்கும். ஊதுபத்தியைவிட இது ஆயிரம் மடங்கு உபயோகம். எத்தனை மாத்திரை, எத்தனை முறை என்பதைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய். தினமும் மூன்று நான்கு முறை, ஈரமான மெல்லிய துணியை விரலில் சுற்றி ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் துடையுங்கள். உதட்டில் தேங்காய் எண்ணெய். நாக்கில் தயிர் போல வெள்ளை படிந்தால் அது பூஞ்சைத் தொற்று, மருந்து உண்டு. அவர் சாப்பிட மறுப்பதற்கே அதுதான் காரணமாக இருக்கலாம்.

சாப்பாடு. வீட்டில் அதிக சண்டை இதில்தான். பசியில்லாமல் போவது நோயின் பகுதி. சாப்பிடாததால் இளைக்கவில்லை, நோயால்தான் இளைக்கிறார். கேட்டதை, கேட்ட நேரத்தில், இரண்டு ஸ்பூன் கொடுங்கள்: மோர், கஞ்சி, ஐஸ்கிரீம், ஏன், ஊறுகாய்கூடத்தான். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை சற்றுக் கீழே இருக்கும்படி கொடுங்கள். அப்புறம் அரை மணி நேரம் சாய்க்க வேண்டாம். புரை ஏறினால் நிறுத்துங்கள்.

ஆட்கள். ராத்திரி முழுக்க விழிப்பவரே பகலிலும் பார்த்தால் இரண்டாவது வாரத்தில் விழுந்துவிடுவார். நம் வீடுகளில் அந்த ஒருவர் மருமகளாகவோ மகளாகவோதான் இருப்பார். முறை போட்டு எழுதி ஒட்டுங்கள், ஆண்கள் பெயரையும் சேர்த்து. ஏஜென்சி அனுப்பும் 'ஹோம் நர்ஸ்' பெரும்பாலும் படித்த செவிலியர் இல்லை. திருப்ப, துடைக்க உதவுவார். ஊசி, மருந்துப் பொறுப்பை அவரிடம் விடாதீர்கள்.

6. ராத்திரிக் காகிதம்

ஒரு முழுத்தாள் எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். பதறும்போது யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது. மேலே மூன்று போன் எண்கள், கூப்பிட வேண்டிய வரிசையில். அதன் கீழே ஒவ்வொரு தொந்தரவுக்கும் முதலில் செய்வது என்ன, எந்த மருந்து எவ்வளவு என்று டாக்டரையே சொல்ல வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூச்சுத்திணறல்: நிமிர்த்தி உட்கார வைத்து, முன்னால் தலையணை வைத்துச் சாயவிடுங்கள். விசிறி, ஜன்னல். சுற்றி நிற்கும் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். சிறு அளவு மார்ஃபின் மூச்சுத்திணறலுக்கும் மருந்து.

படபடப்பு, பிதற்றல், துணியைப் பிடித்து இழுத்தல்: தூக்க ஊசி கேட்பதற்கு முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் அடைத்திருக்கிறதா, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மடங்கியிருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள்? பல பேர் சிறுநீர் பிரிந்ததும் அமைதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

ரத்தப்போக்கு: வாய், கழுத்துப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இது திடீரென்று வரலாம். அடர் சிவப்பு, கறுப்பு, கருநீல நிறத் துண்டுகளை முன்பே வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். வெள்ளைத் துணியில் பார்க்கும் ரத்தம் நோயாளியையும் வீட்டாரையும் நிலைகுலைய வைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, துண்டால் அழுத்திப் பிடித்து, கூடவே இருங்கள்.

விழுங்க முடியாமல் போகும் நாளுக்கு என்று ஒரு டப்பா தயாராக இருக்கட்டும். வலி, படபடப்பு, தொண்டைக் கபம் இவற்றுக்கான ஊசி மருந்துகளைத் தோலுக்கு அடியில் செலுத்தலாம். சின்னப் பட்டாம்பூச்சி ஊசியைச் செவிலியர் குத்தி வைத்துவிட்டால், அதில் மருந்து செலுத்த வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ளலாம். நரம்பு தேடிக் குத்த வேண்டியதில்லை.

7. பணம், கையெழுத்து

தெளிவு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் நாமினி இருக்கிறதா, காப்பீட்டுப் பத்திரம் எங்கே, போன் பூட்டு எண் என்ன? உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். நோயாளி தெளிவாக இருந்தார் என்று டாக்டரின் சான்று ஒன்று சேர்த்து வைத்தால் பின்னால் வழக்கு வந்தாலும் உதவும்.

8. கடைசி நாட்கள்

நாள் முழுக்கத் தூக்கம், விழுங்க முடியாமை, சிறுநீர் குறைந்து நிறம் அடர்தல், கை கால் சில்லிட்டுத் திட்டுத் திட்டாக நீலமாதல், மூச்சு நின்று நின்று வருதல். இவை சேர்ந்து வந்தால் நேரம் நெருங்குகிறது. இது தெரியாதவர்களுக்குத்தான் ஒவ்வொன்றும் ஒரு அவசர நிலையாகப் படும்.

இந்தக் கட்டத்தில் "குளுக்கோஸாவது ஏற்றலாமே" என்று யாராவது சொல்வார்கள். ஏற்றும் நீர் கால் வீக்கமாகவும் தொண்டைக் கபமாகவும்தான் சேரும். தாகம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வாய் வறட்சி. அடிக்கடி வாயை நனைத்தால் தீரும்.

தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்பவர்களுக்குத்தான் அது கொடுமை. அவருக்கு அந்த உணர்வு பெரும்பாலும் இருக்காது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கபம் குறைக்கும் ஊசி உதவும். உறிஞ்சும் குழாயை ஆழமாக விட்டால் வேதனைதான் கூடும்.

பால் ஊற்றும் வழக்கத்தைப் பற்றி. நினைவில்லாதவர் வாயில் ஸ்பூன் ஸ்பூனாக உறவினர் எல்லோரும் ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குள் போகும். சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தொட்டு எடுக்கட்டும். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் முதல் நாளே இதைச் சொல்லி வைத்தால், அவரே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

பதில் வராவிட்டாலும் காதில் விழலாம் என்று எண்ணிப் பேசுங்கள். தலைமாட்டில் நின்றுகொண்டு சுடுகாட்டு ஏற்பாட்டை விவாதிக்க வேண்டாம்.

9. உயிர் பிரிந்த பிறகு

ஓட வேண்டியதில்லை. எதிர்பார்த்த இயற்கை மரணத்துக்குப் போலீஸும் வேண்டாம், ஆம்புலன்ஸும் வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பார்த்துவந்த டாக்டரைக் கூப்பிடுங்கள். வீட்டு மரணத்துக்கு அவர் எழுதும் இறப்புக் காரணச் சான்று படிவம் 4ஏ. மயானத்திலும் பதிவிலும் அது தேவைப்படும்.

கண் தானம் செய்வதாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண் வங்கிக்கு உடனே சொல்லிவிட்டு, இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். புற்றுநோய் இருந்தாலே முடியாது என்பது சரியில்லை. ரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றில்தான் எடுப்பதில்லை. முடிவைக் கண் வங்கி சொல்லட்டும்.

விரல் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றுங்கள். உடம்பில் வலி மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் எரியூட்டுவதற்கு முன் அகற்ற வேண்டும், சூட்டில் அது வெடிக்கும். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர், ஊர்ப்புறம் தாண்டினால் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி அலுவலகம். பெயர், தந்தை பெயர், இனிஷியல் மூன்றும் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ளபடியே இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் காப்பீட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைய நேரும்.

மீதமான மார்ஃபினைக் கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்; பக்கத்து வீட்டு மூட்டுவலிக்குத் தானம் செய்யாதீர்கள். அப்புறம், கூட இருந்து பார்த்தவரை ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இத்தனை நாளாகத் தன் பிரஷர் மாத்திரையையே மறந்திருப்பார். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் வாரங்கள் நீண்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.